கிட்டாருக்கும் கிரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

திருமயத்தில் கோட்டைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை ஒன்றில் சென்ற மாதம் நடந்த ஒரு பேச்சைப் பற்றி எழுத வேண்டியிருக்கின்றது. இது ஒரு வீட்டுச் சங்கதிதானே, இதைப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஒரு வீட்டில் நடந்தது என்றாலும், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வீட்டிலும் நடப்பதுதான் இது. ஆகையால் எழுதத்தான் வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வாலிபன் இருக்கின்றான். வயது முப்பதுக்குள். பெயரும் ஊரும் வேண்டியதில்லை. பத்து வருஷமாய் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கின்றான். கிட்டார் மாத்திரமல்ல, கீபோர்டு வாசிப்பவன் வராத அன்றைக்குக் கீபோர்டு, டிரம்ஸ்காரனுக்குக் காய்ச்சல் என்றால் டிரம்ஸ், பாடகன் தொண்டை கட்டிக்கொண்டால் பாட்டு, எல்லாம் இவன் தலையில்தான். விடிய விடியக் கச்சேரி நடக்கும். குழுவின் சொந்தக்காரர் ஒரு இரவுக்கு அறுபதாயிரம் வாங்குவார். இவன் கைக்கு வருவது ஆயிரத்து ஐந்நூறு. விளம்பரத் தட்டியில் சொந்தக்காரரின் படம் ஆள் உயரத்துக்கு இருக்கும். இவன் பெயர் ஒரு மூலையில்கூட இராது.

இந்த வாலிபன் இப்போது சொந்தமாய் ஒரு குழு நடத்தலாம் என்று நினைக்கின்றான். நியாயமான ஆசை. அவனோடு வாசிக்கும் நாலு பேர் கூட வரத் தயார். கையில் கொஞ்சம் காசும் சேர்த்திருக்கின்றான். இதில் குறுக்கே வந்தவர் யார் என்று நினைக்கின்றீர்கள்? குழுவின் பழைய சொந்தக்காரரா? அல்ல. அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. குறுக்கே வந்தவர் ஒரு ஜோசியர்!

பையனின் தகப்பனார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கின்றார். ஜோசியர் கட்டங்களைப் பார்த்துவிட்டு, “ஏழரைச் சனி. இன்னும் இரண்டரை வருஷம் அடிமைத் தொழில்தான். சொந்தத் தொழில் தொடங்கினால் முதல் நாசம். ஆனால் ஒரு பரிகாரம் இருக்கின்றது” என்றாராம். பரிகாரத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் செலவு. தேநீர்க்கடையில் அந்தத் தகப்பனார் நம்மைப் பார்த்து, “தம்பி, நீங்கள் மேடைக்கு மேடை பேசுகின்றவர். பையனிடம் நல்லபடியாய்ச் சொல்லுங்கள், இரண்டரை வருஷம் பொறுக்கட்டும்” என்றார்.

நாம் அவரிடம் ஒரு கணக்குத்தான் கேட்டோம். “அண்ணே, அந்தப் பதினெட்டாயிரத்துக்கு ஒரு நல்ல ஆம்ப்ளிபயர் வருமா வராதா?”

“வரும்” என்றார்.

“சனிக்குக் கொடுத்தால் என்ன வரும்?”

அவர் பேசவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொருவர் பேசினார். “இதெல்லாம் பூர்வ ஜென்மப் பலனுங்க. சங்கீதம் என்பது சரஸ்வதி கடாட்சம். அது இருக்கிறவனுக்குத்தான் மேலே வர முடியும். இவன் பாட்டன் சாவு வீட்டிலே கொட்டடித்தவன். இவனுக்கு ஏதோ கூலிக்கு வாசிக்கிற அளவுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்” என்றார்.

ஆகப் பையன் முன்னே இரண்டு சுவர்கள் நிற்கின்றன. ஒன்று கிரகம், மற்றொன்று பிறப்பு. இந்த இரண்டு சுவர்களும் கல்லால் கட்டியவையா, காகிதத்தால் கட்டியவையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கூலிக்கு வாசிப்பவன் யார்?

முதலில் இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சினிமாப் பாட்டு ஒன்றை நாம் கேட்கின்றோம். பாடியவர் பெயர் தெரியும், இசையமைத்தவர் பெயர் தெரியும். ஆனால் அந்தப் பாட்டின் நடுவில் நம் நெஞ்சைப் பிடித்து இழுக்கின்றதே ஒரு கிட்டார், ஒரு புல்லாங்குழல், அதை வாசித்தவன் யார்? தெரியாது. அவன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கால்ஷீட் கணக்கில் வந்து, எதிரே வைத்த தாளைப் பார்த்து வாசித்து, கூலியை வாங்கிக்கொண்டு போகின்றவன். காலையில் ஒருவருக்கு, மாலையில் வேறொருவருக்கு. இன்றைக்குத் தெம்மாங்கு, நாளைக்கு மேல்நாட்டு நடனப் பாட்டு. எதைக் கொடுத்தாலும் வாசிக்க வேண்டும், பிழை வரக்கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கும் சங்கம் வேண்டும் என்று பாடுபட்டு, சென்னையில் சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கண்டவர் எம்.பி. சீனிவாசன் என்கின்ற இசையமைப்பாளர். கூலியை ஒழுங்காய் வாங்குவதற்கே சங்கம் வேண்டியிருந்தது என்றால், அவர்கள் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்படிக் கூலிக்கு வாசித்தவர்களில் ஒருவர்தான் பண்ணைப்புரத்து ராசையா.

தேனிப் பக்கம் மலையடிவாரக் கிராமம் அது. 1943-இல் பிறந்தார். தகப்பனார் சிறு வயதிலேயே போய்விட்டார். மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடுகின்றவர். அந்த அண்ணனின் ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஊர் ஊராய்ப் போய், மண் தரையில் உட்கார்ந்து வாசித்ததுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பின்பு சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாயார் வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று அந்தப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார் என்று அவரே சொல்லியிருக்கின்றார். கவனியுங்கள்! அந்தத் தாய் பரிகாரத்துக்குக் கொடுக்கவில்லை, பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் கொடுத்தாள்.

சென்னைக்கு வந்தவர் என்ன செய்தார்? தன்ராஜ் மாஸ்டர் என்பவரிடம் போய் மேல்நாட்டுச் சங்கீதத்தை அரிச்சுவடியிலிருந்து படித்தார். ஐந்து கோடு போட்டு அதில் புள்ளி வைத்து எழுதுகின்ற இசை எழுத்து முறையைப் படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வை எழுதித் தேறினார். டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக சங்கீதம் கற்றார். வயிற்றுக்கு என்ன செய்தார்? கிட்டாரும் ஆர்கனும் கூலிக்கு வாசித்தார். வங்காளத்து சலில் சௌத்ரி இங்கே வந்து இசையமைத்தபோது அவருக்கு வாசித்தார். கன்னடப் படங்களுக்கு இசையமைத்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் இருந்து ஏராளமான படங்களுக்கு உழைத்தார்.

1968, 1969-இல் சென்னைக்கு வந்தவருக்குச் சொந்தப் படம் கிடைத்தது 1976-இல்தான். ‘அன்னக்கிளி’. அவரை நம்பி அந்தப் படத்தைக் கொடுத்தவர் வெளியூர்க்காரர் அல்ல. நமக்குத் தெற்கே காரைக்குடிப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசனின் உறவினர், சிறுவயல் பஞ்சு அருணாசலம். ஏற்கனவே ஏ.எம். ராஜா என்று ஒருவர் இருந்ததால், ‘இளைய’ என்கின்ற சொல்லை முன்னே சேர்த்து இளையராஜா என்று பெயர் வைத்தவரும் அவரே.

இடையிலே கிடந்த ஏழெட்டு வருஷம் எந்தக் கிரகத்தின் வேலை? ஏழரைச் சனியின் வேலை என்று ஜோசியர் சொல்லக்கூடும், கணக்கும் ஏறத்தாழ ஒத்துவரும்! ஆனால் அந்த வருஷங்களில் அவர் சும்மா உட்கார்ந்து சனி விலகட்டும் என்று காத்திருக்கவில்லையே! படித்தார், எழுதினார், வாசித்தார். மற்றவர்களுக்காக வாசித்த ஒவ்வொரு நாளும், எந்த வாத்தியம் எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதைப் பிறத்தியார் செலவில் கற்றுக்கொண்டார். கூலிக்கு வாசித்த காலந்தான் அவருக்குக் கல்லூரி. அங்கே தேறியவருக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தது காது, கிரகமல்ல.

மின்சாரம் நின்ற சகுனம்

இன்னொரு சங்கதி. ‘அன்னக்கிளி’ப் பாட்டுப் பதிவு தொடங்கப்போகும் சமயம். எல்லோரும் வாத்தியத்தைக் கையில் எடுத்தாயிற்று. அந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. இருட்டு! “நல்ல சகுனம்!” என்று யாரோ கேலி செய்தார்கள். முதல் படம், முதல் பதிவு, ஆரம்பிக்கும்போதே விளக்கு அணைகின்றது. இந்தச் செய்தியை அவரே பலமுறை சொல்லியிருக்கின்றார்.

நம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டும் சமயத்தில் விளக்கு அணைந்தால் என்ன ஆகும்? அந்தப் பெண்ணின் கதி என்ன? ஆயுள் முழுவதும், அவள் புருஷனுக்குத் தலைவலி வந்தாலும், “அன்றைக்கே விளக்கு அணைந்ததே” என்பார்கள். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் என்ன நடந்தது? மின்சாரம் திரும்பி வந்தது. பாட்டுப் பதிவாயிற்று. ‘மச்சானைப் பார்த்தீங்களா’ என்று எஸ். ஜானகி பாடிய பாட்டைத் தமிழ்நாட்டில் கேட்காத காது இல்லை. அந்தப் படத்தோடு தமிழ்ப் பாட்டின் போக்கே மாறியது. பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். 2025 மார்ச் 8-ஆம் தேதி, 81 வயதில், லண்டன் மாநகரின் அரங்கில் தம்முடைய சிம்பொனியை வெள்ளைக்கார வாத்தியக்காரர்களைக் கொண்டு அரங்கேற்றினார்.

மின்சாரம் நிற்பதற்குக் காரணம் கம்பியில் இருக்கும், பியூஸில் இருக்கும். அதைப் பார்க்க வேண்டியவன் மின்சாரத் தொழிலாளி. ஜோசியன் அல்ல. இவ்வளவுதான் சகுனத்தின் யோக்கியதை.

“அவரே பக்தராயிற்றே?”

இந்த இடத்தில் நம் எதிரிகள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். “இளையராஜா பெரிய பக்தராயிற்றே! கோவில் கோவிலாய்ப் போகின்றவராயிற்றே! எல்லாம் இறைவன் கொடுத்தது என்று அவரே சொல்லுகின்றாரே! அவரை நீங்கள் எப்படி உதாரணம் காட்டலாம்?” என்பார்கள்.

வாஸ்தவம். அவர் பக்தர்தான். நாம் அதை மறைக்கவில்லை. அவருடைய பக்தியை நாம் ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் தோழர்களே, ஒரு மனிதன் தன் உழைப்பைப் பற்றிச் சொல்லுகின்ற வார்த்தை வேறு, அவன் உழைத்த உழைப்பு வேறு. விவசாயி, “மாரியாத்தா கொடுத்தாள்” என்று நெல்லைக் களத்தில் கொட்டுகின்றான். மாரியாத்தாளா உழுதாள்? நாற்று நட்டவள் யார்? களை பறித்தவள் யார்? விவசாயி அடக்கத்தால் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அவன் முதுகு வலியைப் பொய் என்று சொல்லலாமா?

அன்றியும் ஒரு கேள்வி. சரஸ்வதி கையில் இருப்பது வீணை. கண்ணன் கையில் புல்லாங்குழல். நந்திக்கு மத்தளம். நாரதருக்குத் தம்பூரா. கிட்டார் எந்தச் சாமி கையில் இருக்கின்றது? முப்பத்து முக்கோடியில் ஒருவர் கையிலும் இல்லையே! ஸ்பெயின் தேசத்தில் வளர்ந்து, கப்பல் ஏறி வந்த வாத்தியம் அது. கிட்டாருக்கு என்று ஒரு தேவதை இல்லாத தேசத்தில், அந்தக் கிட்டாரைக் கொண்டு ஒருவர் மேலே வந்தார் என்றால், அது யாருடைய கடாட்சம்? விரல் தோய்ந்து காய்ப்புக் காய்த்ததே, அந்தக் காய்ப்பின் கடாட்சம்.

பிறப்பைப் பற்றியும் பார்ப்போம். 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்கு அவர் போயிருந்தபோது, அர்த்த மண்டபத்துக்குள் நுழையாதபடி நிறுத்தப்பட்டார் என்று நாடு முழுவதும் பேச்செழுந்தது. அங்கே யாரும் போகக்கூடாது என்பது வழக்கம், அவரை அவமதிக்கவில்லை என்று கோவில் தரப்பில் சொன்னார்கள். அவரும், நடக்காததை நடந்ததாய்ப் பரப்புகின்றார்கள் என்றும், தாம் சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுப்பவரல்ல என்றும் சொன்னார். அவர் சொன்னதை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால் நாம் கேட்பது வேறு. உலகமே கொண்டாடும் ஒருவர் ஒரு வாசற்படியில் நின்றார் என்ற உடனே, நாடே ஒரே காரணத்தை ஊகித்ததே, அது ஏன்? வாசற்படியின் பழைய யோக்கியதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அல்லவா? ஒலிப்பதிவுக் கூடத்து வாசலில் அப்படி ஒரு ஊகம் எழுமா? அங்கே உள்ளே விட்டது எது, பிறப்பா? வாசிப்பா?

இடது கையின் கதை

வெளி உலகத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 1942-இல் ஜிமி ஹென்றிக்ஸ் என்று ஒரு கறுப்பர் பிறந்தார். ஏழை. அவரும் கூலிக்குக் கிட்டார் வாசித்தவர்தான். லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்ற பெரிய பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார். 1966-இல் லண்டனுக்குப் போய்த் தம்முடைய பெயரிலேயே மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை ஏற்படுத்தினார். 1970-இல் 27 வயதில் இறந்துபோவதற்குள், கிட்டார் என்றால் என்ன என்பதற்கே உலகத்துக்கு வேறு அர்த்தம் கற்பித்துவிட்டார். இவர் இடது கைக்காரர்! வலது கைக் கிட்டாரைத் தலைகீழாய்த் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார்.

அங்கே மட்டுமல்ல, இங்கேயும் ஒரு இடது கைக்காரர் இருந்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908-இல் பிறந்த மிருதங்க மேதை. அவருடைய தகப்பனார் முத்தையா பிள்ளை நம் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் வழியில் வந்தவர். இடது கையால் வாசிப்பவர் மேடையில் மாறி உட்கார வேண்டும். அப்போது பிடில்காரரும் இடம் மாற வேண்டும். அதற்காகவே அவரோடு உட்கார மாட்டோம் என்று மறுத்தவர்கள் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் என்ற பாடகர்தான், “இவர் வாசிக்கட்டும்” என்று பிடிவாதமாய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். இடது கை அபசகுனம், இடது கையால் கொடுக்காதே, வாங்காதே என்கின்றார்களே, அந்த இடது கைதான் ஒரு தேசத்தில் கிட்டாரையும், மற்றொரு தேசத்தில் மிருதங்கத்தையும் பேச வைத்தது. கை எந்தப் பக்கம் இருந்தால் என்ன? பழகிய கையா என்பதல்லவா கேள்வி?

மாமுண்டியா பிள்ளை பெயரைச் சொன்னோம். பஜனையிலும் தெருவிலும் தட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு வாத்தியத்தை, உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிராவை, கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்குச் சமமாய் உட்கார வைத்தவர் இந்தப் புதுக்கோட்டைக்காரர். பெரிய வித்துவான்கள் முதலில் முகம் சுளிக்காமலா இருந்திருப்பார்கள்? அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையோ கஞ்சிராவும் மிருதங்கமும் இரண்டிலும் கை தேர்ந்தவர். பல வாத்தியம் பழகுவதும், சின்ன வாத்தியத்தைப் பெரிதாக்குவதும் நம் மண்ணுக்குப் புதிதல்ல.

திருமயத்துக் குன்றின் மேலேயே பாருங்கள். கோட்டையை எல்லோரும் பார்க்கின்றார்கள், 1687-இல் சேதுபதி கட்டியது என்கின்றார்கள். கீழே குடைவரையில் சிவன் கோவில் சுவரில், குடுமியான்மலையில் இருப்பதைப் போலவே, சங்கீதத்தைப் பற்றிய பழைய எழுத்து ஒன்று இருந்தது. பரிவாதினி என்கின்ற நரம்பு வாத்தியத்தின் பெயர் அதில் இருக்கின்றது. ஆனால் பிற்காலத்தில் வேறு சாசனம் வெட்டுவதற்காக அந்த எழுத்தைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். எஞ்சியவை சில சொற்களே. பக்கத்துப் பக்கத்துக் கோவில்களான சிவன் கோவிலும் பெருமாள் கோவிலும் வருமானப் பங்குக்காகச் சண்டை போட்டு, 1245-இல் ஒய்சள தளபதி ஒருவர் வந்து பஞ்சாயத்துச் செய்த செய்தி மாத்திரம் சாசனமாய்ப் பத்திரமாய் இருக்கின்றது! கம்பி வாத்தியம் போயிற்று, பங்குத் தகராறு நிலைத்தது. நம் ஊரின் வரலாறு இது. இன்னொரு கம்பி வாத்தியக்காரனையும் அதே மாதிரி அழித்துவிடலாமா என்பதுதான் நம் கேள்வி.

துண்டும் தோளும்

இனி வாலிபனுக்குச் சில வார்த்தை.

திருமயத்திலிருந்து காரைக்குடிச் சாலையில் போனால் கானாடுகாத்தான் வருகின்றது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து என்பவர் நாதசுரம் வாசித்துக்கொண்டு போகின்றார். தோளில் ஒரு துண்டு. வியர்வை துடைக்கின்ற துண்டு. அதை எடு என்று பணக்காரர்கள் அதட்டினார்கள். வாசிக்கின்றவன் தோளில் துண்டு கிடப்பது மரியாதைக் குறைவாம்! அங்கே இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, “எடுக்காதே, வாசி” என்றார். பெரியாரும் பக்கத்தில் நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது.

அந்தத் துண்டு ஒரு முழத் துணிதான். ஆனாலும் அன்றைக்கு அதில் ஒரு கூட்டத்தாரின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் கொட்டடித்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் நெல் வாங்கிய பாட்டனின் பேரன், இன்றைக்குத் தன் பெயரைத் தட்டியில் எழுதிக் குழு நடத்த வேண்டும் என்று கேட்பதும் அந்தத் துண்டைப் போன்றதுதான். ஆகையால்தான் இது வீட்டுச் சங்கதி அல்ல என்றோம்.

ஆனால் ஒன்று. கிரகத்துக்குப் பயப்பட வேண்டாம் என்பதால் எதற்குமே பயப்பட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பகுத்தறிவு என்பது கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிப்பதல்ல. பயப்பட வேண்டியவைகள் உண்டு, அவைகளைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, திருவிழாக் காலம் போனால் கச்சேரி இல்லை. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் ஓட்டமாய் ஓடலாம். மழைக் காலத்தில் வாத்தியம் உறையில் தூங்கும். ஆறு மாதச் சோற்றுக்கு வழி வைத்துக்கொள்ளாமல் பழைய வேலையை விடக்கூடாது.

இரண்டாவது, நன்றாய் வாசிக்கின்றவன் எல்லாம் நன்றாய் நடத்துகின்றவன் ஆகிவிட மாட்டான். வாசிப்பது வேறு, நாலு பேரை நேரத்துக்குக் கூட்டி வருவதும், வேன் வாடகை பேசுவதும், பாக்கி வைக்கும் விழாக் கமிட்டியிடம் வசூலிப்பதும் வேறு. தனியே வந்தவர்களில் ஜெயித்தவர்களை மட்டும் நாம் பேசுகின்றோம், தோற்றவர்கள் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. அவர்களில் அநேகர் வாசிப்பில் தோற்கவில்லை, கணக்கில் தோற்றார்கள். ஆகையால் பேசிய தொகையை எழுதி வாங்கு, முன்பணம் இல்லாமல் வேனை எடுக்காதே.

மூன்றாவது, படிப்பு. காதால் கேட்டு வாசிக்கத் தெரியும் என்று நின்றுவிடாதே. இசையை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள். எழுத்துத் தெரிந்தவனுக்குப் பத்து வாத்தியக்காரர்களைக் கொடுத்தாலும் நடத்துவான். ராசையா ராஜாவானதில் பாதி அந்த ஐந்து கோட்டில் இருக்கின்றது.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நீ தலைவனானால், உன் பின்னால் வாசிக்கின்றவனை எப்படி நடத்தப்போகின்றாய்? ஆயிரத்து ஐந்நூறைக் கையில் வைத்துக்கொண்டு நீ பத்து வருஷம் வயிறெரிந்தாயே, அதே ஆயிரத்து ஐந்நூறை நீ மற்றவனுக்குக் கொடுத்து, உன் படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டுக்கொள்வாயானால், நீ தனியே வந்ததனால் என்ன பிரயோஜனம்? ஒரு முதலாளி போய் இன்னொரு முதலாளி வந்தான் என்பதுதானே? தட்டியில் எல்லார் பெயரையும் போடு. வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி வை. பாடுகின்ற பெண்ணைக் கச்சேரி முடிந்ததும் பத்திரமாய் வீட்டில் கொண்டுபோய் விடு, ஆணுக்குக் கொடுக்கும் கூலியையே அவளுக்கும் கொடு. காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையோடு சேர்ந்து வாசித்துப் பிறகு தனியே வந்து பெயர் பெற்றார். இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்த திலீப்தான் 1992-இல் ‘ரோஜா’ படத்தோடு ஏ.ஆர். ரஹ்மான் ஆனார். உன்னிடம் வாசிக்கின்ற ஒருவனும் நாளைக்கு அப்படிப் புறப்படுவான். அன்றைக்கு அவனுக்கு ஜாதகம் பார்க்கச் சொல்லாதே.

தகப்பனாருக்கு ஒரு பதில்

அன்றைக்குத் தேநீர்க்கடையில் தகப்பனார் கடைசியாய் ஒரு கேள்வி கேட்டார். அதில் நியாயம் இருந்தது. “தம்பி, நீங்கள் சொல்லுவதெல்லாம் சரி. பையன் இறங்கி நஷ்டப்பட்டால் நீங்களா வந்து கொடுப்பீர்கள்?” என்றார்.

நாம் கொடுக்க முடியாது. நம் கையில் இல்லை. அதை ஒளிக்காமல் சொன்னோம். பிறகு திருப்பிக் கேட்டோம். “அண்ணே, பையன் இரண்டரை வருஷம் காத்திருந்து, பரிகாரமும் செய்து, அதற்குப் பிறகு இறங்கி நஷ்டப்பட்டால் ஜோசியர் வந்து கொடுப்பாரா? வாங்கிய பதினெட்டாயிரத்தையாவது திருப்பிக் கொடுப்பாரா? ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், அதற்குப் பிறகு நாங்கள் வாயைத் திறக்கவில்லை” என்றோம்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுத் தேநீர்க் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். மறுபடி ஜோசியரிடம் போனாரா, சீட்டு எழுதி வாங்கினாரா என்பது நமக்குத் தெரியாது. பையனுடைய அம்மாவுக்கு இன்னும் பயம் போகவில்லை என்று கேள்வி. அந்தத் தாயின் பயத்தை நாம் பரிகாசம் செய்யவில்லை. பயத்தை விற்றுக் காசாக்குகின்ற கூட்டத்தைத்தான் கண்டிக்கின்றோம்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் இப்படி ஒருவன் இருப்பான். கிட்டார் இல்லாவிட்டால் ஒரு தையல் மிஷின், ஒரு லேத் பட்டறை, ஒரு லாரி. பத்து வருஷம் பிறத்தியாருக்காக உழைத்துக் கை தேர்ந்தவனாய் இருப்பான். அவன் ஜாதகத்தை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவன் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். ரேகையைப் பார்க்க வேண்டாம். காய்ப்பு இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால், அவன் எதிர்காலத்தைச் சொல்லுவதற்கு அதைவிட மேலான எழுத்து வேறு இல்லை.